வாண்டுமாமாவின் இரண்டு பேனாக்கள்

படக்கதைக்கு எழுதுகிறவர் படம் சொல்லிவிட்டதை விட்டுவிட வேண்டும். நாவலாசிரியருக்கோ ஓவியர் துணை இல்லை. எல்லாவற்றையும் சொல்லால்தான் காட்டியாக வேண்டும். தமிழில் இந்த இரு வேலைகளையும் வாழ்நாள் முழுக்கச் செய்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. 1925இல் புதுக்கோட்டைப் பக்கத்து அரிமளத்தில் பிறந்தார், 2014இல் மறைந்தார். பெரியவர்களுக்குக் கௌசிகன், பிள்ளைகளுக்கு வாண்டுமாமா.

அவருடைய பலம் எங்கே தெரியும் என்றால், ஆந்திரத்துக் குப்பம் போன்ற எல்லையூரில் தெரியும். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளரும் பிள்ளைக்குப் பாடப்புத்தகத் தமிழ் எட்டாது. வாண்டுமாமாவின் பக்கத்தை எழுத்துக்கூட்டியாவது முடித்துவிடும். பத்திக்கு ஒரு செயல், அத்தியாய முடிவில் ஓர் ஆபத்து. படக்கதைக் கட்டங்களின் சிக்கனம் அவருடைய சிறுவர் நாவல்களுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. இதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. மந்திரவாதி முதல் வரியிலேயே கெட்டவன், கடைசி வரியிலும் கெட்டவன். சிறுவன் துணிவான், சிறுமி பெரும்பாலும் மீட்கப்படக் காத்திருப்பாள். யாரும் தடுமாறி, யோசித்து மாறுவதில்லை. பலே பாலு போல மீண்டும் மீண்டும் வந்த பாத்திரங்கள் சிலவே. அமெரிக்காவின் லீ ஃபாக் 1936இல் தொடங்கிய ‘வேதாளன்’ (ஃபாண்டம்) படக்கதையை 1999இல் சாகும்வரை எழுதினார்; 1970களில் வேதாளனை வைத்து நாவல்களும் எழுதினார். ஒரே பாத்திரத்தோடு அப்படி ஆழ்ந்து வாழும் வாய்ப்பு வாண்டுமாமாவுக்குப் பெரிதாகக் கிட்டவில்லை. இதழாசிரியர் வேலையும் அவர் தோளில் இருந்தது.

அவர் ஆசிரியராக இருக்க, 1984இல் தொடங்கிய ‘பூந்தளிர்’ சிறுவர் இதழ் அந்த வேலைக்குச் சாட்சி. மும்பையின் ஆங்கிலச் சிறுவர் இதழான ‘டிங்கிள்’ பாத்திரங்கள் அதில் காக்கை காளியாக, வேட்டைக்காரர் வேம்புவாகத் தமிழ் பேசினார்கள். மொழிபெயர்ப்பு வாடையே இல்லாத தமிழ். அத்தனை நன்றாகத் தமிழாக்கியதே சொந்தப் படக்கதையின் இடத்தைச் சுருக்கியது என்பது என் வருத்தம். சுப்பாண்டியைப் பாருங்கள்: திருச்சி வாசகர் ஒருவர் ‘டிங்கிள்’ இதழுக்கு அனுப்பிய நம்மூர் அசட்டுப்பிள்ளை. 1983இல் மும்பையில் ஆங்கிலம் பேசி உருவம் பெற்று, மொழிபெயர்ப்பாகத் தமிழுக்குத் திரும்பினான். அவனை முதலில் தமிழிலேயே வரையவைக்கும் இதழ் நம்மிடம் இல்லாமல் போனது. தனி ஒருவரின் குறையாக இதைச் சொல்ல முடியாது. ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் சேர்த்துப் பல ஆண்டுகள் சோறு போடும் பதிப்புத்தொழில் இங்கே உருவாகவில்லை.

கௌசிகனின் ‘பாமினிப் பாவை’ போன்ற சரித்திர நாவல்கள் கல்கி போட்ட தடத்திலேயே நடப்பவை. நிற்கப்போவது வாண்டுமாமாதான். அவரைச் சரியாக எடைபோட, மறுபதிப்பு ஒவ்வொன்றிலும் கதை முதலில் வந்த இதழ், ஆண்டு, ஓவியர் பெயர் மூன்றும் அச்சாக வேண்டும். நாவலைப் படக்கதை வளர்த்ததா, படக்கதையை நாவல் வளர்த்ததா என்பதை அப்போதுதான் காலவரிசைப்படி வாதாட முடியும்.