கடன் வாங்கும்போது கேட்டிருக்க வேண்டும்

மார்ச் மாதம் பிறந்தால் லண்டனின் குரோய்டன் வீடுகளுக்குக் கவுன்சில் வரிக் கடிதம் வந்துவிடும். வீடு எந்தப் பிரிவில் வருகிறது, போன ஆண்டைவிட எத்தனை வீதம் கூடியிருக்கிறது, மாதாமாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். 2023இல் வந்த கடிதத்தில் உயர்வு 14.99 வீதம். அந்த ஆண்டு இங்கிலாந்தின் பெரும்பாலான பெரிய நகரசபைகளுக்கு எல்லை 5 வீதம். அதைத் தொட்டால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். குரோய்டனுக்கு மட்டும் நடுவண் அரசு எல்லையை 15ஆக உயர்த்திக் கொடுத்தது. வாக்கெடுப்பு நடக்கவில்லை.

இந்த வாக்கெடுப்பு முறை 2011இன் உள்ளாட்சிச் சட்டத்தில் வந்தது. அதன் பலத்தை மறுக்க முடியாது. கேட்டுத்தான் கூட்ட வேண்டும் என்ற அச்சமே நகரசபையின் கையைக் கட்டுகிறது. மக்கள் எப்போதும் மலிவானதையே தேர்வார்கள் என்பதும் சரியில்லை. 2001இல் குரோய்டன் தானாகவே வாக்குக் கேட்டபோது மிகக் குறைந்த உயர்வுதான் வென்றது. ஆனால் 1999இல் மில்டன் கீன்ஸ் நகரசபை 5, ஏறத்தாழ 10, 15 வீதம் என மூன்று தெரிவுகளை வைத்தபோது, மக்கள் நடுவில் இருந்ததைத் தேர்ந்தார்கள். எந்தத் தொகைக்கு எந்தச் சேவை நிலைக்கும் என்று தெரிந்தால், கூடக் கொடுக்கவும் மனம் வரும்.

இன்றைய சட்டத்தில் அந்தத் தெரிவுகள் இல்லை. ஒரே தொகை, ஆம் அல்லது இல்லை. வாக்கெடுப்போ மே மாதத்தில். அதற்குள் கூட்டிய தொகையோடு கடிதங்கள் போய்விடும். தோற்றால் புதுக் கடிதம் அனுப்பும் செலவும் மக்கள் தலையில்தான். 2015இல் பெட்ஃபோர்ட்ஷயர் காவல்துறைக்கான வரியில் 15.8 வீத உயர்வு கேட்டார்கள். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 70 வீதத்தினர் மறுத்தார்கள். அதற்குப் பிறகு எவரும் வாக்கெடுப்பு வரை போகத் துணியவில்லை. 4.99 வீதத்தில் நிறுத்திக்கொள்வதே பல நகரசபைகளின் வழக்கமாகிவிட்டது. தடுப்பதற்குப் போட்ட எல்லை, ஆண்டுதோறும் எட்டும் இலக்காக மாறியிருக்கிறது.

இவற்றைவிடப் பெரிய குறை, கேள்வி பிந்தி வருவது. குரோய்டன் நகரசபை நிதி நெருக்கடியில் விழுந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கடன். தனது வீடமைப்பு நிறுவனமான பிரிக் பை பிரிக்குக்கு நகரசபை, தானே கடன் வாங்கி, ஏறத்தாழ 20 கோடி பவுண் கடன் கொடுத்திருந்தது. வட்டிகூட வந்து சேரவில்லை என்று 2020 அக்டோபரில் தணிக்கையாளர்கள் எழுதினார்கள். அடுத்த மாதமே புதுச் செலவுகளை நிறுத்தும் 114ஆம் பிரிவு அறிவிப்பு வந்தது. அந்தக் கடனுக்காக ஒரு வாக்குச்சீட்டும் அச்சிடப்படவில்லை. 2023இல் வாக்கெடுப்பு நடந்திருந்தாலும், உடைந்த பானைக்கு விலை கேட்டதாகவே இருந்திருக்கும்.

ஆகவே வாக்கெடுப்பை ஒழிக்க வேண்டாம், முன்னே நகர்த்த வேண்டும். பெருங்கடன் வாங்கும் முன், வரிக் கடிதம் அடிக்கும் முன், இரண்டு மூன்று தெரிவுகளோடு கேட்க வேண்டும். மக்களின் கருத்தறியும் வாக்கெடுப்பு நடத்த 2003ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டமே இடம் தருகிறது. பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாவிட்டாலும், இங்கு வசிக்கும் உரிமையுள்ள இலங்கை, இந்தியக் குடிமக்கள் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். குரோய்டனின் தோர்ன்டன் ஹீத்தில் கடை வைத்திருப்பவரும் அங்கே வாடகைக்கு இருப்பவரும் வாக்குக் கேட்டு வருகிற வேட்பாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: அடுத்த கடனுக்கு எங்களைக் கேட்பீர்களா?