சிட்டுயின்: அடுக்கும்போதே தொடங்கும் போர்

யாங்கோனின் போஜோ சந்தையில் பர்மியச் சதுரங்கமான சிட்டுயினின் மரக்காய்களைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. உளி போன வழி விரல்நுனியில் தட்டுப்படும்.

ஆட்டத்தின் ருசி முதல் நகர்த்தலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 8 சிப்பாய்கள் மட்டும், பாதி ஓரடி முன்னே, பாதி பின்னே, முன்கூட்டியே நிற்பார்கள். அரசன், தளபதி, தேர், யானை, குதிரை எல்லாம் அவர்களுக்குப் பின்னால் நம் விருப்பப்படி. எதிராளி தேரை எங்கே நிறுத்துகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்து, ‘டொக்’கென்று நம் காயை வைப்பது தனிச் சுகம். யானை மூலைவாக்கில் நான்கு பக்கமும் ஒரு கட்டம் போகும், நேர் முன்னாலும் ஒன்று. நாலு காலும் துதிக்கையும் என்று கணக்கு! ராணி கிடையாது, சண்டை மெதுவாகத்தான் சூடுபிடிக்கும். மனப்பாடத் தொடக்கங்களை நம்பி ஜெயிக்கிறவர்களுக்கு இங்கே வேலையில்லை. பொறுமை இருந்தால் ஒருமுறை ஆடிப் பாருங்கள்.