பீர்சல் கோட்டையும் பக்காசூரன் கோட்டையும்

பெல்ஜியத்துச் சித்திரக்கதை என்றால் நம்மில் பலருக்கு டின்டின்தான். லயன், முத்து காமிக்ஸில் ஊறியவர்களைக் கேட்டால் சிலராவது சுஸ்கி–விஸ்கியைச் சொல்வார்கள். சிவகாசி வழியாகத் தமிழுக்கு வந்து, நெடுநாள் தங்காமல் போன ஜோடி அது. மாயாவியின் இரும்புக்கைக்கும் டெக்ஸின் துப்பாக்கிக்கும் பழகிய கண்ணுக்கு, பொம்மையைத் தூக்கிக்கொண்டு திரியும் ஒரு சிறுமி சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்திருக்கலாம். அதில் வாசகர்மேல் பாதிப் பழிதான் சாரும்.

ஆண்ட்வெர்ப்காரரான வில்லி வாண்டர்ஸ்டேன் 1945 மார்ச் 30 அன்று ஒரு நாளிதழில் இத்தொடரைத் தொடங்கினார். ஐரோப்பாவில் போர் அப்போது முடிந்திருக்கவில்லை. இரண்டாம் கதையில் வரும் அமோராஸ் தீவில் கொழுத்தவர்கள் ஒல்லியர்களை ஆட்டிப்படைப்பார்கள். ரேஷன் வரிசையில் நின்றுவிட்டு வந்தவனுக்கு இந்தக் கேலியை விளக்க வேண்டியதில்லை. தொடரின் உண்மையான நாயகன், என் கணிப்பில், குழந்தைகள் இருவருமல்ல. லாம்பிக் என்ற வழுக்கைத்தலைக் குழாய் ரிப்பேர்க்காரர். தற்பெருமையும் அசட்டுத் துணிச்சலுமாக அவர் சொதப்பும் இடங்களில்தான் கதைக்கு உயிர் வருகிறது.

பலம் இன்னொன்றும் உண்டு. பேராசிரியர் பாரபாஸின் கால இயந்திரம் குழந்தைகளை எங்கெங்கோ அனுப்பினாலும் வாண்டர்ஸ்டேன் தன் ஊரை விடவில்லை. புரூசெல்ஸ் அருகே இன்றும் நிற்கும் பீர்சல் கோட்டையை வைத்து ஒரு புதையல் கதை. ஸ்பானிய ஆட்சியில் தவித்த பதினாறாம் நூற்றாண்டு ஃபிளாண்டர்ஸை வைத்து இன்னொன்று. டின்டினைப் படைத்த எர்ஜே, ஓவியர் ப்ரூகெலை நினைத்து, சித்திரக்கதை உலகின் ப்ரூகெல் என்று அவரைச் சொன்னது வெறும் உபசாரமில்லை. ஆனால் வாண்டர்ஸ்டேன் டின்டின் இதழில் எழுத வந்தபோது அதே எர்ஜே பாத்திரங்களின் நாட்டுப்புறத்தனத்தைக் குறைக்கச் சொன்னார். கோடு செம்மையானது, கதைக்கட்டும் இறுகியது. தெருவாடை மட்டும் போயிற்று. எனக்கு அது பாதி நஷ்டம்.

மற்ற குறைகளுக்கு எர்ஜே பொறுப்பில்லை. 1950களின் தொடக்கத்தில் ஜெரோம் என்ற மகாபலசாலி நுழைந்த பிறகு எந்த ஆபத்துக்கும் பயப்படத் தேவையில்லாமல் போனது. நாளிதழின் அவசரம் பல முடிவுகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. பழைய ஆப்பிரிக்கக் கதைகளோ இன்று குழந்தையிடம் கொடுக்கத் தயங்க வைப்பவை. காங்கோவை 1960 வரை ஆண்ட நாட்டின் பார்வை அந்தக் கேலிப்படங்களில் அப்படியே இருக்கிறது.

நாம் இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது கதைகளைவிட, சொந்த ஊரை வைத்தே கதை சொல்லும் அந்த முறையைத்தான். நீலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூருக்கு அருகே தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி ஏறினால் பக்காசூரன் கோட்டை. திப்புவின் காவல் அரண் என்பார்கள். பீமன் கொன்ற பகாசுரனையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். பீர்சலுக்கு எதில் குறைச்சல்? 1899இல் குன்னூரையும் 1908இல் ஊட்டியையும் எட்டிய பல்சக்கர ரயிலில் 16 குகைகள், 250 பாலங்கள். துரத்தல் காட்சிக்கு வேறென்ன வேண்டும்?

அங்கேயே பொறியும் இருக்கிறது. மலையில் நடக்கும் சாகசக் கதைக்கு வில்லன் தேடுகிறவர் கை முதலில் நீலகிரிப் பழங்குடியான குறும்பரின் மந்திரவாதியிடம்தான் போகும். பில்லிசூனியக்காரர்கள் என்ற அந்தப் பழிக்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். தோடர் மந்தை அழகான பின்னணி, குறும்பர் பயங்கரம் என்று வரைந்தால் வாண்டர்ஸ்டேனின் ஆப்பிரிக்காவை நாம் கோத்தகிரிக்குக் கொண்டுவந்ததாகிவிடும்.

சுஸ்கியின் நகலைத் தேடி அலைய வேண்டாம். அமோராஸில் கிடைத்த அநாதைப் பையன் அவன். விஸ்கியின் வீடு அவனுக்கும் வீடானது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, அரசுத் தேயிலைத் தோட்ட லயத்துக்கு வந்து சேர்ந்த கண்டிச் சீமைப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளைகளில் ஒருவரைப் பக்காசூரன் மலையேற்றிவிட ஒரு படக்காரரும் ஒரு பதிப்பாளரும் போதும்.