எண்ணிக்கையும் ஏற்றமும்: ஸ்டான்லி கோஹனின் ஓர் ஆய்வுக் கட்டுரை

ஒரு நூலின் தகுதியை அதன் பக்கக் கணக்கால் அளப்பார் இலர். ஆயினும், அறிவியல் அறிஞர் ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்னும் கணக்கால் அவர்தம் தகுதியை அளக்கும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களில் வேரூன்றி நிற்கிறது. பதவியும் ஆய்வுக்கான பொருளுதவியும் அக்கணக்கை நோக்கி வழங்கப்படுவதும் உண்டு. இவ்வளவுகோல் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை ஒரு கட்டுரையைக் கொண்டு ஆராய்தல் நன்று.

அக்கட்டுரை 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் உயிர்வேதியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. எழுதியவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்டான்லி கோஹன். சுண்டெலியின் கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்ததையும், அப்புரதம் பிறந்த குட்டிகளின் வெட்டுப்பல் முளைப்பதையும் கண்ணிமை திறப்பதையும் விரைவுபடுத்துவதையும் அது கூறுகிறது. தலைப்பும் இவ்வளவே சொல்கிறது. இதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

இதன் தோற்றம் அறியத்தக்கது. 1950களில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரீட்டா லெவி மொன்டால்சினி அம்மையாருடன் கோஹன் நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்து வந்தார். சுரப்பிச் சாற்றைக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது, வழக்கமாக 12 முதல் 14 நாள்களில் திறக்கும் கண்கள் ஏழு நாள்களிலேயே திறந்தன. பற்களும் முந்தி முளைத்தன. தேடியது நரம்பு, கண்டதோ பல்லும் இமையும். சாற்றில் கலந்த மாசின் விளைவு என்று பிறரொருவர் ஒதுக்கியிருக்கக் கூடும். கோஹன் ஒதுக்கவில்லை. அம்மாசு யாது என்று வினவினார். அவ்வினாவே கட்டுரையின் முதற்சிறப்பு.

கண்டதற்கு மேல் எதனையும் உரிமை கொண்டாடாமை அதன் இரண்டாம் சிறப்பு. குறையும் ஒன்று உண்டு. அப்புரதம் உயிரணுவுக்குள் எவ்வாறு செயலாற்றுகிறது என்பதற்கு அதில் விடையில்லை. அவ்விடை உருவாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. மேற்றோல் வளர்ச்சிக் காரணி எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அப்புரதம் 53 அமினோ அமிலங்களால் ஆனது என 1972இல் தெரிந்தது. அது உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியோடு பொருந்துகிறது. உடனே ஏற்பியின் உட்பகுதி, புரதங்களிலுள்ள டைரோசின் என்னும் அமிலத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. 'வளர்க, பெருகுக' என்னும் செய்தி கருவரை சென்று சேர்கிறது. ஏற்பியின் இத்தொழிலைக் கோஹனும் அவர்தம் துணைவர்களும் 1980 அளவில் தெளிவுபடுத்தினர். 1984இல் அதே ஏற்பிக்கும் புற்றுநோய் விளைக்கும் மரபணு ஒன்றுக்கும் உள்ள உறவு புலனாயிற்று. 1986இல் கோஹனுக்கும் லெவி மொன்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2006இல், அவ்வேற்பியைத் தடுக்கும் செடக்சிமேப் என்னும் மருந்து, வாய்ப்புற்று உள்ளிட்ட தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சுண்டெலியின் வாயில் தொடங்கிய ஆய்வு, 44 ஆண்டுகள் கழித்து மனிதனின் வாய்நோய்க்கு மருந்தாக வந்து சேர்ந்தது.

இனி அளவுகோலுக்கு வருவோம். மேற்கோள் அட்டவணை என்னும் கருத்தை 1955இல் முன்மொழிந்தவர் யூஜின் கார்ஃபீல்டு. ஆய்வாளர் ஒரு கருத்தின் வழித்தடத்தைத் தேடிச் செல்ல உதவுவதே அதன் நோக்கம். பின்னர் வந்த 'தாக்கக் காரணி' என்பது, ஆய்விதழ் ஒன்று முந்திய ஈராண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் கணக்கு. ஈராண்டுக் கண்ணாடியால் நாற்பத்து நான்கு ஆண்டுப் பயனை எங்ஙனம் காண்பது? மேலும், அஃது இதழை அளப்பது, ஆளை அளப்பதன்று.

கணக்கு எதனைக் காட்டுகிறது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. அதே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிவர் லௌரி, அதே ஆய்விதழில் 1951இல், புரதத்தை அளக்கும் முறை ஒன்றை எழுதினார். 2014இல் எடுத்த கணக்குப்படி அது மூன்று இலட்சத்திற்கும் மேலான மேற்கோள்களைப் பெற்று முதலிடத்தில் நின்றது. லௌரியே அதனைத் தம் பெரும் படைப்பாகக் கருதவில்லை. கருவி பலருக்கும் பயன்படும். ஆகவே பலரும் அதன் பெயர் சொல்வர். மேற்கோள் காட்டுவது பயன்பாட்டின் அளவையே.

பெருங்கண்டுபிடிப்புக்கோ இதற்கு மாறான நிலையும் நேர்வதுண்டு. ஒரு கருத்து பாடநூலில் ஏறிப் பொதுவறிவாகிவிட்டால், அதனை முதலில் உரைத்த கட்டுரையை எவரும் குறிப்பிடுவதில்லை. சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டன் இதனைச் சுட்டிக்காட்டியுள்ளார். பழமொழியைச் சொல்வார் பலர்; முதலில் சொன்னவனை அறிவார் யார்? வெற்றி முற்றுமிடத்தே கணக்குத் தேய்கிறது.

எண்ணிக்கை முற்றும் வீண் என்பதன்று. தேடுவதற்கு அது நல்ல துணை. தீர்ப்பு வழங்குவதற்குத் தகுதியற்றது. 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள் உருவாக்கிய அறிக்கையும், இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனிமனிதரை மதிப்பிடலாகாது என்றே வற்புறுத்துகிறது.

மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து மாணவனை அறிந்துவிட்டதாக நல்லாசிரியர் எவரும் எண்ணார். விடைத்தாளைப் பிரித்துப் படிப்பார். ஆய்வாளரை மதிப்பிட அமர்வோரும் கட்டுரையைத் திறந்து படித்தல் வேண்டும். இன்றும் எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில், முந்தித் திறந்த ஓர் இமையை இளைஞர் ஒருவர் உற்று நோக்கிக்கொண்டிருக்கலாம். ஈராண்டில் கணக்குக் காட்டு என்று அவரை நெருக்கினால், அவர் அதை விட்டுவிட்டு எளிதில் எண்ணிக்கை தரும் வேறொன்றைத் தேடிப் போவார். அவ்விழப்பு எந்த அட்டவணையிலும் பதிவாகாது.