தப்பியவர்களும் தங்கியவர்களும்: விஞ்ஞானத் திரையில் விடுதலை

தமிழ்த் திரை முதன்முதலாக வேற்றுக்கிரகத்துக்குப் போனதே கடத்தப்பட்ட ஒரு பெண்ணை மீட்பதற்காகத்தான். 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'யில், விஞ்ஞானத்தில் முன்னேறிய, கலையில் வறண்ட ஒரு கிரகத்தார் பாட்டும் ஆட்டமும் கற்றுக்கொள்ள பானுமதியைத் தூக்கிச் செல்கிறார்கள். எம்.ஜி.ஆர். பின்னால் போய் மீட்டு வருகிறார். அவள் வீடு திரும்பியதும் கதை முடிகிறது. அந்தக் கிரகத்தில் வாழ்கிறவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் கேட்பதில்லை.

விடுதலை பேசும் விஞ்ஞானப் புனைவுப் படங்களை அளக்க எனக்கு இந்தக் கேள்வியே போதும்: கதவு திறந்தபோது யார் வெளியே போனார்கள், யார் உள்ளே நின்றார்கள்?

ஜோர்ஜ் லூக்கஸின் முதல் முழுநீளப் படமான 'டீ.எச்.எக்ஸ். 1138' (1971) தனி ஒருவனின் ஓட்டம். நிலத்தடி நகரத்தில் மாத்திரைகளால் மழுங்கடிக்கப்பட்ட மனிதன் ஒருவன் ஓடுகிறான். இயந்திரப் பொலிஸார் துரத்துகிறார்கள். அவன் மேலே ஏறும் கட்டத்தில், செலவு ஒதுக்கீட்டைத் தாண்டிவிட்டதால் துரத்தல் கைவிடப்படுகிறது. அதிகாரம் மனிதனைக் கணக்கேட்டில் ஒரு வரியாகப் பார்க்கும் விதத்தை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய காட்சி குறைவு. அவன் சூரியனைக் காண்கிறான். நகரம் கீழே அப்படியே இயங்குகிறது. 'த மேட்ரிக்ஸ்' (1999) ஒரு முழு இனத்தின் விழிப்பைப் பற்றிப் பேசினாலும், தெரிவு செய்யப்பட்ட ஒருவனின் தோளிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறது.

கொரிய இயக்குநர் பொங் ஜூன்-ஹோவின் 'ஸ்னோபியர்சர்' (2013) இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. உறைந்த உலகைச் சுற்றும் ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏழைகள், எஞ்சினருகே ஆள்பவர்கள். கேர்ட்டிஸ் என்பவன் தலைமையில் கடைசிப் பெட்டி கிளர்ந்தெழுந்து பெட்டி பெட்டியாக முன்னேறுகிறது. எஞ்சினை அடைந்ததும்தான் தெரிகிறது: சனத்தொகையைக் குறைக்க அந்தக் கிளர்ச்சியே மேலிடத்தில் திட்டமிடப்பட்டது. பழுதான ஓர் உறுப்புக்குப் பதிலாக ஒரு சிறுவன் எஞ்சினுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறான். இன்னொருவன் மட்டும் தொடக்கத்திலிருந்தே முன்னால் பார்க்கவில்லை. பக்கவாட்டுக் கதவை உடைத்து ரயிலைவிட்டே இறங்குவது அவன் எண்ணம். ஆள்பவனின் ஆசனத்தைப் பிடிப்பதா, அந்த ஆசனமே இல்லாத நிலத்தில் கால் வைப்பதா? இலங்கையின் முப்பது ஆண்டுப் போரில் எத்தனை விடுதலைப் பேச்சுகளைக் கேட்டோம்! இந்தக் கேள்வியை இவ்வளவு தெளிவாக எவரும் நம்மிடம் வைத்ததில்லை.

செய்யப்பட்ட உயிர்களின் விடுதலை தனிக் கிளை. 'பிளேட் ரன்னர்' (1982) படத்தில் நான்கே ஆண்டு ஆயுளோடு படைக்கப்பட்ட அடிமைகள் தப்பிப் பூமிக்கு வருகிறார்கள். அவர்களில் மூத்தவன் தன்னை வேட்டையாட வந்தவனையே காப்பாற்றிவிட்டுச் சாகிறான். நம் 'எந்திரன்' (2010) சிட்டி என்ற இயந்திர மனிதனைக் கடைசியில் தன்னைத்தானே கழற்றி வைக்கச் சொல்கிறது. காரணம் கேட்கும் சிறுமியிடம், தான் சிந்திக்கத் தொடங்கியதாக அருங்காட்சியகத்திலிருந்து அது சொல்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேலான கொண்டாட்டத்துக்குப் பிறகு வரும் அந்தச் சில விநாடிகளே படத்தின் உண்மையான இடம். அதற்கு வசனம் எழுதியவர்களில் ஒருவரான சுஜாதா, படம் வருமுன்பே காலமாகிவிட்டார். அவருடைய 'என் இனிய இயந்திரா' நாவல் ஜீவா என்ற சர்வாதிகாரியின் நாட்டில் நடக்கிறது. அந்தத் தலைவன் வெறும் ஒளிப்பிம்பம் என்று கடைசியில் தெரிகிறது. தொலைக்காட்சித் தொடராக வந்த அக்கதைக்கு, அதன் தகுதிக்கேற்ற திரைப்படம் இன்னும் அமையவில்லை.

கிழக்கிலங்கையின் கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ இருந்து பார்க்கிறவர்களுக்குச் சில படங்கள் புனைவாகவே தோன்றாது. அல்ஃபோன்சோ குவாரோனின் 'சில்ட்ரன் ஒஃப் மென்' (2006) 2027ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடக்கிறது. பிள்ளைகளே பிறக்காத உலகில் அகதிப் பெண்ணொருத்தி கருவுற்றிருக்கிறாள். அவளைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். கூண்டுகளில் அகதிகள், சோதனைச் சாவடிகள், சுற்றிவளைப்பு. ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் வரிசையில் நிறுத்தப்பட்ட கிழக்கு மாகாணத்துத் தலைமுறைக்கு இவற்றை விளக்கவே தேவையில்லை. குழந்தையின் அழுகுரல் கேட்டுத் துப்பாக்கிகள் ஓய்ந்து, அது கடந்து போனதும் மீண்டும் வெடிக்கின்றன. அந்தக் காட்சியை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு நெஞ்சடைக்கிறது.

'டிஸ்ட்ரிக்ட் 9' (2009) ஜொஹானஸ்பர்க்கில் அடைக்கப்பட்ட வேற்றுக்கிரகவாசிகளை முகாமிலிருந்து முகாமுக்கு மாற்றுவதைச் சொல்கிறது. கேப் டவுனின் ஆறாம் வட்டாரத்திலிருந்து நிறவெறி ஆட்சி 60,000 பேரை வெளியேற்றிய வரலாறு அதன் அடியில் கிடக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை அறிந்தவர்களுக்கு, வீடு வீடாகக் கதவு தட்டும் அந்தக் காட்சிகள் வேறு எங்கோ நடப்பவை அல்ல. நமக்கு நெருக்கமான இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டபின், கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். தெற்கில் 100 மீற்றர்தான். சவூதி உதவியில் நுரைச்சோலையில் எழுந்த 500 வீடுகள் வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன.

தமிழில் இந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வைக்கத்தக்க ஒரே படமாக நான் வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) படத்தையே சொல்வேன். நாயகன் பெயர் அப்துல் காலிக். 'ரோஜா' முதல் 'விஸ்வரூபம்' வரை திரையில் துப்பாக்கியோடு வந்த முஸ்லிம்களையே பார்த்துப் பழகிய நமக்கு அந்தப் பெயரே பெரிய விடயம். துபாயிலிருந்து நண்பனின் கல்யாணத்துக்கு வருகிறவன், முதலமைச்சரைக் கொல்லும் சதியில் மாட்டிச் சாகிறான். செத்ததும் அதே நாளில், அதே விமானத்தில் கண்விழிக்கிறான். கொலைப்பழியை ஒரு முஸ்லிமின் தலையில் கட்டிக் கலவரத்தை மூட்டுவதே திட்டம். ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் கதை 'கிரவுண்ட்ஹோக் டே' (1993) காலத்திலிருந்து இருக்கிறது. அங்கே நாயகன் தன்னைத் திருத்திக்கொண்டு வெளியேறுகிறான். காலிக் தன் சாவையே கருவியாக்கி, முன்பின் தெரியாத சனங்களுக்காக அந்த நாளுக்குள் மீண்டும் மீண்டும் நுழைகிறான். கலவரத்துக்கு நடுவே கோயிலொன்றில் பிறந்தவன் என்று அவனுக்குக் கொடுத்த பின்கதை கொஞ்சம் வலிந்து ஒட்டியதுதான். ஆனாலும் அதன் நோக்கம் தூயது.

பழி சுமத்திக் கலவரம் மூட்டும் அந்தச் சதியை நாம் வெறும் கற்பனையாகப் பார்க்க முடியாது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி கிளம்பியது. சிங்களம் சரியாகத் தெரியாத ஓர் ஊழியரை மிரட்டித் தலையாட்ட வைத்த காணொளி பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவு என்று பின்னர் பரிசோதனை சொன்னது. அந்த இரவைத் திருப்பி ஓட்ட ஒருவனுக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தால் அவன் எந்த நிமிடத்தில் நுழைந்திருப்பான்? 'மாநாடு' நம்மை யோசிக்க வைப்பது இதைத்தான்.

இலங்கைக்கு விஞ்ஞானப் புனைவு அந்நியமானதல்ல. ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இங்கேதான் வாழ்ந்தார். அவர் குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்தில், கணினி கதவைத் திறக்க மறுக்க, விண்வெளியில் தலைக்கவசமின்றி மூச்சடக்கி உள்ளே பாய்கிறான் விண்வெளி வீரன் பௌமன். கதவுக் காட்சிகளில் உச்சம் அதுவே.

கிழக்கின் இளைஞர்கள் இப்போது குறும்படங்கள் எடுக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை காதலும் சீதனமும் வெளிநாட்டுப் பயணமும். விண்கலம் கட்டப் பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை, 'டீ.எச்.எக்ஸ். 1138'இன் சிறைச்சாலை வெறும் வெள்ளைப் பின்னணிதான். ஒருநாள் முழுக்க ஊரடங்குச் சட்டம் நீங்காத ஒரு தெரு, கடலிலிருந்து 200 மீற்றரில் நட்ட ஓர் எல்லைக்கல், அதற்குக் கடல் பக்கமாக வாழ அனுமதி மறுக்கப்பட்ட ஓர் உம்மா. இவற்றோடு தொடங்கலாம். யாரை உள்ளே விட்டுவிட்டு நாயகன் வெளியேறப் போகிறான் என்பதை மட்டும் திரைக்கதை எழுதுகிறவர் முதல் பக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ளட்டும்.