புறநானூற்றில் பொதுத்திட்ட மதிப்பீடு: தேவை, செலவு, ஆதரவு

முன்னுரை

அரசு ஒரு திட்டத்தை முன்வைக்கும்போது அது தேவையா, அதன் செலவை யார் ஏற்பது, மக்கள் அதற்குத் துணைநிற்பார்களா என்னும் மூன்று வினாக்கள் எழுகின்றன. புறநானூற்றின் 18, 184, 35 ஆகிய பாடல்கள் முறையே இவ்வினாக்களை எழுப்புகின்றன. இவற்றுள் 18ஆம் பாடல் நீர் மேலாண்மை பற்றிய உரைகளில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஆயினும் உணவளித்தலை உயிரளித்தலாகக் கூறும் அடி மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டு, அதனைத் தாங்கிநிற்கும் வாதம் கைவிடப்படுகிறது. மூன்று பாடல்களையும் இணைத்து வாசிக்கும்போது அவ்வாதத்தின் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தேவை

பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய 18ஆம் பாடல், மறுமைச் செல்வம், தனியாட்சி, நிலைத்த புகழ் என மன்னன் விரும்பத்தக்க மூன்றினை முதலில் அடுக்குகிறது. பின்னர் உடல், உணவு, நிலம், நீர் எனக் காரணத் தொடர் அமைத்து, நீர்நிலை பெருக்குதலே அதற்கு வழி என நிறுவுகிறது. வானம் பார்த்த புன்செய் எவ்வளவு பரந்ததாயினும் ஆள்வோன் முயற்சிக்கு உதவாது என்பது மாற்றுவழியை மறுக்கும் கூற்றாகும். இவ்வாறு தேவை ஐயமின்றி நிறுவப்படுகிறது. ஆனால் அணை கட்டும் உழைப்பைத் தருவோர் யார், பொருள் எங்கிருந்து வரும் என்பன பேசப்படவில்லை. நிலம் தாழ்ந்த இடத்தில் நீரைத் தடுக்கவேண்டும் என்ற இடத்தேர்வுக் குறிப்பு ஒன்றே செலவுச் சிக்கனத்தை உணர்த்துவதாகக் கொள்ளத்தக்கது.

செலவு

அம்மௌனத்தை நிரப்ப, பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய 184ஆம் பாடல் துணைபுரிகிறது. ஒரு மாவிற்கும் குறைந்த நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் உணவாகும்; யானையே வயலுள் புகுந்தால் நூறு வயல்களும் போதா; வாய் உண்பதினும் கால் மிதித்து அழிப்பது மிகுதி. இவ்வுவமையை வரியின் அளவு பற்றியதாக மட்டும் கொள்வது போதாது. தண்டும் முறையால் நேரும் இழப்பு, தண்டப்படும் பொருளினும் பெரிதாகலாம் என்பதே அதன் உட்பொருள். தகுதி அறியாத ஆரவாரச் சுற்றத்தைப் புலவர் குறிப்பிடுவதும் இதனை அரண்செய்கிறது. திட்டத்தின் செலவு கருவூலக் கணக்கோடு முடிவதில்லை. அதனைச் செயற்படுத்துவோரின் நடத்தையும் குடிகள் ஏற்கும் செலவேயாகும்.

ஆதரவு

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார் பாடிய 35ஆம் பாடல், போர் வெற்றியையும் உழுசாலின் பயனாகக் காட்டுகிறது. மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் காவலரையே பழிக்கும் என்கிறது. தொடர்பற்றோர் கூறும் பொதுமொழியைக் கொள்ளாது, ஏர்மாடு காக்கும் உழவரைக் காக்குமாறும் வேண்டுகிறது. எனவே ஆதரவு என்பது அவைப் புகழ்ச்சியன்று. சுமை தாங்குவோரின் இசைவு. இப்பாடலால் நிலவரிக் கடன் நீக்கப்பெற்றது என அடிக்குறிப்பு உரைக்கிறது. அக்குறிப்பு தொகுப்புக் காலத்ததாயினும், செவியறிவுறூஉத் துறைப் பாடல் நடைமுறைப் பயன் கருதியதாகவே வாசிக்கப்பட்டமைக்கு அது சான்றாகும்.

மதிப்பீடு

மூன்று பாடல்களிலும் பயனின் அளவுகோல் மன்னனிடமே உள்ளது: புகழ், கருவூலம், பகைவர் பணிதல். குடிகளின் துன்பம் புலவரின் குரல் வழியாகவே அவையை அடைகிறது. உழவர் தாமே பேசவில்லை. ஆகவே இப்பாடல்களை மக்கள் பங்கேற்பின் முன்னோடிகளாகப் போற்றுவது மிகைக்கூற்று. அதேவேளை, இவை வெறும் புகழ்ச்சி மரபின் வாய்பாடுகள் எனத் தள்ளுவதும் பொருந்தாது. ஆள்வோனின் தன்னலத்தையே பிடியாகக் கொண்டு குடிநலனை வாதிட்டதில்தான் புலவர்களின் அரசியல் நுட்பம் அமைந்துள்ளது.

முடிவுரை

18ஆம் பாடலை மட்டும் மேற்கோள் காட்டும் திட்டவுரை தேவையைச் சொல்லிச் செலவை மறைக்க இடந்தருகிறது. அதனோடு 184, 35ஆம் பாடல்களையும் சேர்த்துக் கற்பிப்பதே சங்கப் பாடலுக்கும் இன்றைய பொதுவிவாதத்திற்கும் நேர்மை செய்வதாகும்.