படக்கதையும் பெரியவர்களின் கூச்சமும்

சென்னைப் புத்தகக் காட்சியில் லயன்-முத்து காமிக்ஸ் அரங்கின் முன் சற்று நேரம் நின்று பார்த்தால் போதும். வருகிறவர்களில் பெரும்பாலானோர் நாற்பது, ஐம்பதைக் கடந்தவர்கள். காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லரின் எந்த இதழ் புதிது, எது மறுபதிப்பு என்பதை அட்டையைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். ஆனால் அலுவலகத்தில் தெரிந்த முகம் ஒன்று அந்தப் பக்கம் வந்துவிட்டால் பேச்சு மாறிவிடும். “பையனுக்கு வாங்குறேன் சார்” என்பார்கள். பல வீடுகளில் பையன் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

யாருக்கும் கெடுதல் செய்யாத இந்தச் சின்னப் பொய் ஏன் தேவைப்படுகிறது? “இந்த வயசுல பொம்மை புக்கா?” என்ற கேள்விக்குப் பயந்துதான். அந்தக் கேள்வியில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, அதற்கு அஞ்சி ஒளிந்து வாசித்ததால் தமிழ் காமிக்ஸ் உலகம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று நிதானமாக எடைபோட வேண்டிய காலம் வந்துவிட்டது.

சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984இல் அதை நடத்திய குடும்பத்திலிருந்தே லயன் காமிக்ஸ் வந்தது. மாடஸ்டி பிளைசி என்ற பெண்ணை நாயகியாகக் கொண்ட கதையே அதன் முதல் இதழ். ராணி காமிக்ஸும் அதே ஆண்டில் பிறந்தது. அன்று பெட்டிக்கடையிலும் பேருந்து நிலையத்திலும் சில்லறை கொடுத்து வாங்கிய பிள்ளைகள்தான் இன்று சந்தா கட்டிக் கூரியருக்குக் காத்திருக்கும் பெரியவர்கள். ராணி காமிக்ஸ் உட்படப் பலவும் நின்றுபோன பிறகும் சிவகாசி அச்சகம் ஓய்ந்துவிடாமல் காத்தது இவர்களுடைய பிடிவாதம். சிறுவர் சமாச்சாரம் என்று ஒதுக்கப்படும் ஒன்று, பெரியவர்களின் சம்பளப் பணத்தில்தான் உயிரோடு இருக்கிறது.

இவர்கள்மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு, படம் பார்த்துப் படிப்பது மூளைக்குச் சோம்பல் என்பது. இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்வோம். 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ இதழில் தொடங்கிய கதை அது. வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன் நாயகன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். அதனால் கட்டத்துக்குள் ஓவியர் வரைவது, இருட்டில் மிதக்கும் ஒரு கையையும் அதைப் பார்த்துத் திகைக்கும் முகங்களையும் மட்டும்தான். அந்தக் கை இருக்கும் உயரத்தையும் விரல்கள் வளைந்திருக்கும் விதத்தையும் கொண்டு மாயாவி குனிந்து நிற்கிறானா, ஓடுகிறானா, அடிபட்டுச் சாய்ந்துவிட்டானா என்று வாசகன் தானே ஓர் உடலைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் நடந்ததையும் அவனேதான் இட்டு நிரப்ப வேண்டும். ஓடாத படத்தை ஓட வைப்பது வாசகனின் வேலை. இதைச் சோம்பல் என்று சொல்பவர் ஒரு பக்கத்தையாவது நின்று பார்த்தவராக இருக்க முடியாது.

காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற பழைய அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஃபிரெட்ரிக் வெர்த்தம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1954இல் ஒரு புத்தகம் எழுதினார். சிறார் குற்றங்களுக்குப் படக்கதைகள் ஒரு முக்கியக் காரணம் என்பது அவர் வாதம். செனட் விசாரணை நடந்தது. பதிப்பாளர்கள் பயந்து தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டார்கள். வெர்த்தமின் குறிப்பேடுகள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, அவற்றைப் பரிசோதித்த கரோல் டில்லி 2012இல் உண்மையை வெளியிட்டார். பிள்ளைகள் சொன்னதை வெர்த்தம் திரித்தும், தனக்கு ஒவ்வாததை விட்டுவிட்டும், வெவ்வேறு பிள்ளைகள் சொன்னவற்றை ஒன்றாக்கியும் எழுதியிருந்தார். அறிவியல் என்று நம்பி ஒரு தலைமுறை பிள்ளைகளைக் கண்டித்ததன் அடிப்படை அவ்வளவுதான்.

அடுத்த குற்றச்சாட்டு வயது. இதில்தான் நம் சமூகத்தின் அளவுகோல் தடுமாறுகிறது. தினத்தந்தியின் ‘கன்னித்தீவு’ அறுபதுகளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் படக்கதை. டீக்கடை பெஞ்சில் அமர்ந்து அதில் வரும் சிந்துபாத்தை வாசிக்கும் பெரியவரை யாரும் சின்னப்பிள்ளை என்பதில்லை. கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது மணியத்தின் ஓவியத்துக்காகவே வாரம் முழுதும் காத்திருந்தவர்கள் குடும்பத் தலைவர்களும் தலைவிகளும்தான். மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு, முகத்தில் வண்ணம் பூசி, சேப்பாக்கத்தில் விசில் அடிக்கும் ஐம்பது வயதுக்காரரை ரசிகர் என்கிறோம். பந்து விளையாட்டும் பிள்ளைகளுடையதுதானே? லட்சம் பேர் சேர்ந்து செய்தால் அது கொண்டாட்டம், நூறு பேர் தனித்தனியே செய்தால் அது கிறுக்கு. நாம் எதைச் சிறுபிள்ளைத்தனம் என்கிறோம் என்பதை வயதைவிடத் தலைக்கணக்குதான் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொண்டவர் வெட்கப்படக் காரணம் இல்லை.

இதோடு ‘பிரயோஜனம்’ என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. நடுத்தரக் குடும்பங்களில் புத்தகம் என்றால் பரீட்சைக்கு, அல்லது பொது அறிவுக்கு. புராணமும் வரலாறும் சொல்வதால் அமர் சித்திரக் கதைகளுக்கு வீட்டுக்குள் அனுமதி உண்டு. லக்கி லூக்குக்குக் கிடையாது, ஏனென்றால் அது சிரிக்க வைப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. இந்த மனநிலைக்கு அஞ்சித்தான் நம் காமிக்ஸ் ஆர்வலர்களில் படித்தவர்கள் ஒரு தற்காப்பைக் கையில் எடுத்தார்கள். யூதப் படுகொலையைச் சொல்லும் ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது, மர்ஜானே சத்ரபியின் ‘பெர்சபோலிஸ்’ ஈரானின் அரசியலைச் சொல்கிறது, ஆகவே காமிக்ஸ் தீவிரமான கலை என்பது அந்த வாதம். இரண்டும் மகத்தான நூல்கள்தான். ஆனாலும் இந்த வாதத்தில் ஒரு கோணல் இருக்கிறது. யூதப் படுகொலையைச் சொன்னால் மட்டுமே படக்கதைக்கு மரியாதை என்று ஒப்புக்கொண்டால், லக்கி லூக் கதைகளில் வரும் டால்டன் சகோதரர்கள் நால்வரும் உயர வரிசையில் நிற்பதைப் பார்த்துச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டதாகிவிடுகிறது. அந்த வரிசையே ஓர் ஓவிய நகைச்சுவை. ஒரு வார்த்தையும் இல்லாமல் குட்டை அண்ணனின் கோபத்தையும் நெட்டைத் தம்பியின் மந்தத்தையும் அது சொல்லிவிடுகிறது. நாள் முழுக்க வேலை பார்த்துத் திரும்பிய மனிதர் அரை மணி நேரம் மனம்விட்டுச் சிரிப்பது தன்னளவிலேயே நல்ல விஷயம். அதற்கு வேறு சான்றிதழ் வேண்டாம்.

கூச்சம் செய்த நன்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியே காட்டிக்கொள்ள முடியாத ஆசை என்பதால் இதில் பகட்டு புகவில்லை. யாரையும் அசத்துவதற்காக எவரும் டெக்ஸ் வில்லர் படித்ததில்லை, பிடித்ததால் படித்தார்கள். ஊரில் தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்திருந்தவர்கள், வாசகர் கடிதப் பக்கத்தில் இன்னொரு ஊர்க்காரரின் பெயரைப் பார்த்து உறவு கொண்டார்கள். லயன்-முத்து ஆசிரியர் விஜயனோடு வாசகர்கள் உரிமையோடு சண்டை போடுவதும் அவர் பதில் சொல்வதும் தமிழ்ப் பத்திரிகை உலகில் அபூர்வமான நெருக்கம். ஒதுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததால் வந்தது அது.

ஆனால் அதே ஒளிவுமறைவு ஆழமான சேதங்களையும் செய்திருக்கிறது. ரகசியமாக வைத்ததை யாரும் விமர்சிக்க முடியாது. தமிழில் சிறுகதைக்கும் சினிமாவுக்கும் எத்தனையோ திறனாய்வு நூல்கள் இருக்கின்றன, காமிக்ஸுக்கு மிகக் குறைவு. அதனால் சிறுவயதில் ரசித்ததை வளர்ந்த கண்ணால் திரும்பப் பார்க்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. வேதாளர் என்றும் முகமூடி மாயாவி என்றும் தமிழ் வாசகர்கள் அறிந்த ஃபேண்டம், 1936இல் லீ ஃபாக் படைத்த நாயகன். காட்டு மக்கள் சாகாவரம் பெற்றவனென்று நம்பிப் பணியும் ஒரு வெள்ளைக்காரன், தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குக் காவலனாக மண்டையோட்டு அரியணையில் அமர்ந்திருக்கிறான். பத்து வயதில் நாம் குதிரையையும் ஓநாயையும் மட்டும் பார்த்தோம், அதில் தவறில்லை. ஆனால் நாமே காலனிய ஆட்சியில் இருந்த மக்களின் பேரப்பிள்ளைகள். ஐம்பது வயதிலும் அந்த அரியணை கண்ணில் படவில்லை என்றால் அதுதான் கவலைக்குரியது.

இன்னொரு சேதம், ஏக்கத்தின் ஆட்சி. பழைய இதழ்களின் மறுபதிப்புக்கு இருக்கும் வரவேற்பு புதிய முயற்சிகளுக்குக் கிடைப்பதில்லை. சேகரிப்பவர்களில் சிலர் புத்தகத்தை உறைக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள், பழைய இதழ்கள் கைமாறும் விலையோ சாதாரண வாசகனுக்கு எட்டுவதில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் நம் காமிக்ஸ் நாயகர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பாலைவனத்திலும் லண்டன் தெருக்களிலுமே உலவுகிறார்கள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ நடக்கும் நீண்ட படக்கதையை முழுநேரமாக வரைந்து ஒருவர் பிழைக்கும் நிலை இல்லை. வெளிப்படையான சந்தையும் வெளிப்படையான பேச்சும் இல்லாத இடத்தில் புதிய ஓவியர் எப்படி வருவார்?

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு அடுத்த தலைமுறை. “பையனுக்கு” என்று சொல்லி வாங்கிய புத்தகத்தை அப்பா அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைக்கிறார். பிள்ளைக்கு அது கைக்கு எட்டுவதில்லை, அப்பா அதைப் படித்து ரசிப்பதும் கண்ணில் படுவதில்லை. ஒருநாள் அவர் இல்லாமல் போனதும், மதிப்புத் தெரியாத வீட்டார் மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பொது நூலகங்களும் பெரும்பாலும் இவற்றைத் திரட்டி வைக்காததால், அப்படிப் போகிற சில இதழ்களோடு அவற்றின் கடைசிப் பிரதியும் போய்விடக்கூடும்.

ஆக, பெரியவர் படக்கதை வாசிப்பதில் குறை ஒன்றும் இல்லை. குறை இரண்டு இடத்தில் இருக்கிறது: ஒளித்து வாசிப்பதிலும், பத்து வயதில் வாசித்தபடியே இன்றும் வாசிப்பதிலும். இரண்டாவது முதலாவதிலிருந்து பிறக்கிறது. நாலு பேர் முன்னால் விரித்து வைத்த புத்தகத்தைப் பற்றிக் கேள்வி வரும், சண்டை வரும், ரசனை கூர்மையாகும். கேலியும் வரத்தான் செய்யும், ஆனால் அதைத் தாங்குவது கடினமில்லை. படக்கதையை நேசிக்கும் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது எளிது: கூடத்து அலமாரியில் பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள், கேட்பவரிடம் “எனக்குத்தான்” என்று சொல்லுங்கள், பிடித்த கதையைப் பற்றி அதன் குறையையும் சேர்த்து எழுதுங்கள், புதிதாக வரையும் தமிழ் இளைஞரின் முதல் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். தமிழ் காமிக்ஸுக்கு இனி ஒரு வளர்ச்சி உண்டென்றால் அது இங்கிருந்துதான் தொடங்கும்.